அம்மா பேசி முடிக்கும் வரை

இயக்குநர் ஏழு படங்கள் எடுத்தவர். அதில் நான்கு நன்றாக ஓடின. ஒரு சிறிய நிறுவனம் வந்து, வீடியோ கேம் ஒன்றை இயக்கித் தர முடியுமா என்று கேட்டபோது, "அதுவும் படம்தானே" என்று சொல்லி உடனே ஒத்துக்கொண்டார்.

அலுவலகம் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே பல்லைக் குடையும் சத்தம் மேலே வரைக்கும் கேட்கும். அங்கே உட்கார்ந்து ஒரு மாதம் மெனக்கெட்டு ஒரு காட்சி எழுதினார். பல வருடங்களுக்குப் பிறகு மகள் வீட்டுக்கு வருகிறாள். அப்பா ஏன் வீட்டை விட்டுப் போனார் என்பதை அம்மா முதல்முறையாகச் சொல்கிறாள். அம்மாவாக நடிக்க, முப்பது வருடமாக நடித்துப் பேர் வாங்கிய நடிகை ஒருவர் சம்மதித்தார். ஐந்து நிமிடப் பேச்சை ஒரே டேக்கில் முடித்தார். அறையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காட்சி கணினிக்குள் போனதும், தலைமை புரோகிராமர் மகளாக விளையாடிப் பார்த்தாள். பெரிய கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். அம்மா வாயைத் திறந்ததுதான் தாமதம், திரையில் மகள் முதுகைக் காட்டித் திரும்பினாள். மேசைமேல் ஏறிக் குதித்தாள். ஃபிரிட்ஜை நான்கு தடவை திறந்து மூடினாள்.

இயக்குநருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா பண்றீங்க? அவங்க அழுதுட்டு இருக்காங்க!"

"விளையாடறவங்க இதைத்தான் சார் செய்வாங்க."

"அப்போ நகர முடியாம நிறுத்திடுங்க. அஞ்சு நிமிஷம் சும்மா பார்க்கட்டும்."

"நிறுத்தலாம். ஆனா ரிமோட்டைக் கீழ வெச்சுட்டு போனை எடுத்துடுவாங்க."

இயக்குநர் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அவருடைய ஏழு படங்களுக்கும் எடிட்டர் அவர் மனைவிதான். "நான் காட்டறதைப் பார்க்கவே மாட்டாங்கன்னா, எனக்கு அங்க என்ன வேலை?" என்று அவளிடம் புலம்பித் தீர்த்தார்.

"நாளைக்கு நானும் வரேன்" என்றாள் அவள்.

மறுநாள் அவள் கையில் ரிமோட்டைக் கொடுத்தார்கள். முதலில் சுவரில் மோதினாள். பிறகு மெல்ல வீட்டைச் சுற்றினாள். அம்மா பக்கமே போகவில்லை. ஜன்னலருகே நின்றாள். அலமாரியைத் திறந்தாள்.

"இதுல ஏன் ஒண்ணுமே இல்ல?"

"அது ஷாட்ல வராதே" என்றார் இயக்குநர்.

"எனக்கு வருதே."

"நீ ஏன் அங்கெல்லாம் போற? அம்மாகிட்ட போ."

"இத்தனை வருஷம் கழிச்சு வந்துட்டு, எப்படிங்க நேரா போய் அவங்க முன்னால நிக்கிறது? பயமா இருக்கு. அதான் அலமாரியைத் திறந்துட்டு இருக்கேன்."

மகளின் அந்தப் பயத்தை எப்படிக் காட்டுவது என்றுதான் இயக்குநர் ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். யாரும் காட்டாமலே அது இவளுக்கு வந்திருந்தது.

புரோகிராமரிடம் போனார். "மக விலகிப் போனா, அம்மா பேச்சை நிறுத்தணும். திரும்பி வந்தா, விட்ட இடத்துலருந்து தொடங்கணும். முடியுமா?"

"முடியும் சார். ஆனா ஒவ்வொரு இடத்துக்கும் அந்த நடிகை தனித்தனியா பேசித் தரணும்."

நடிகையை மறுபடி அழைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. வந்தவர் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "'எங்க விட்டேன்?'னு அறுபது தடவையா? எனக்கு ஞாபக மறதின்னு ஊரெல்லாம் பேசப் போறாங்க!" சொன்னாரே தவிர, பொறுமையாகப் பேசிக் கொடுத்தார். இருபதாவது தடவையோ என்னவோ, தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னார்: "இரு. போகாத."

"அக்கா, அது நான் எழுதலையே."

"தெரியும். அவ போயிட்டே இருக்கா. எனக்குத் தாங்கல, வாய்ல வந்துடுச்சு."

அதையும் சேர்த்துக்கொண்டார்கள். எடிட்டர் உட்கார்ந்து, அலமாரியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டாள். முதல் வரி, தேய்த்து மடித்த அப்பாவின் சட்டைகள்.

ஆறு வாரம் கழித்து, விளையாடிப் பார்க்க வெளியிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். ஒருவர் வந்ததும் வராததுமாக மேசைமேல் ஏறினார். அம்மா பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "இறங்கு. விழுந்து வைக்கப் போற." அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

கடைசியாக வந்தவர் நாற்பது வயதைத் தாண்டிய உயரமான மனிதர். அலமாரியில் இருந்த சட்டைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம் போய், அவள் பேசி முடிக்கும் வரை அசையாமல் நின்றார். பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினார்.

"எல்லாம் நல்லா இருக்கு சார். ஆனா அவங்க பக்கத்துல உக்கார முடியலையே. எல்லா பட்டனையும் அமுக்கிப் பார்த்துட்டேன்."

இயக்குநர் புரோகிராமரைப் பார்த்தார்.

"உக்கார வைக்கிறது கஷ்டம் சார்" என்றாள் அவள். "ரெண்டு வாரம் ஆகும்."

"ஆகட்டும்மா. மக எப்படி உக்காருவான்னு காட்டறேன், பாருங்க." அவர் ஓரமாக உட்கார்ந்திருந்த தன் மனைவியின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உடனே உட்காரவில்லை. முதலில் நாற்காலியின் முதுகில் கையை வைத்தார், கொஞ்சம் யோசித்தார், பிறகு நுனியில் உட்கார்ந்தார். புரோகிராமர் தன் போனை எடுத்து அதைப் படம்பிடிக்கத் தொடங்கினாள்.