பின்பக்கம் எட்டு என்றுதான் போட்டிருந்தது

அத்தான் மூன்றாவது முறையாக அந்த வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சுமந்துகொண்டு என் பட்டறைப் படியேறி வந்தபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கனம் பதினெட்டு கிலோ. மேசைமேல் வைத்துவிட்டு, மூச்சு வாங்க அதே புகாரைச் சொன்னார்: பாட்டின் கனத்த கீழ்ச்சத்தம், பாஸ், குழைகிறதாம். டிரம்மில் ஓர் அடி விழுந்தால் சத்தம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகிறதாம்.

முதல் முறை உள்ளே விளக்குபோல் எரியும் வால்வுகளை மாற்றினேன். இரண்டாம் முறை கண்டென்சர்களை மாற்றினேன். என் ஸ்பீக்கரில் மாட்டினால் கச்சிதமாகப் பாடும். அவர் வீட்டுக்குப் போனால் குழையும். ஸ்பீக்கர் எத்தனை ஓம்ஸ் என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். எட்டு என்றார். பின்பக்கம் அச்சடித்திருக்கிறதாம், ஒரு வரலாற்று வாத்தியாருக்குப் படிக்கத் தெரியாதா என்று கோபம் வேறு. போன மாதம் வரை வைத்திருந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் இதே ஸ்பீக்கர்கள் ஒழுங்காகத்தான் பாடினவாம். ஆகவே பழி என் தலையில்.

பொறுமை போய், ஞாயிறு காலை மீட்டரும் கையுமாக நானே அவர் வீட்டுக்குப் போனேன். ஒயரைக் கழற்றி ஸ்பீக்கரை அளந்தேன். மூன்றேகால் காட்டியது. மீட்டர் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும்; ஆனாலும் எட்டு ஓம்ஸ் என்றால் ஐந்தரையாவது ஆறாவது காட்ட வேண்டும். இரண்டாவது ஸ்பீக்கரும் அப்படியே.

"அத்தான், இது நாலு ஓம்ஸ்."

"பின்னாடி எட்டுன்னு போட்டிருக்கே."

"போட்டிருக்கட்டும். உள்ள இருக்கிறது நாலு."

மீட்டரில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புளியை எடுத்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"கழட்டாதடி. நான்தான் மாத்தினேன்."

இரண்டு வருடத்துக்கு முன் அத்தான் பள்ளிச் சுற்றுலா போயிருந்த வாரத்தில், அலமாரியை நகர்த்தும்போது அதன் முனை குத்தி ஒரு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துவிட்டது. அதே மாதிரி கிடைக்கவில்லை என்று கடைக்காரர் பழைய பெட்டிகளுக்குள்ளேயே வேறு ஜோடி பொருத்திக் கொடுத்திருக்கிறார். ஓம்ஸ் பற்றி அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

வால்வு ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஒயர் மாட்ட நாலுக்கும் எட்டுக்கும் தனித்தனித் திருகாணி உண்டு; டிரான்சிஸ்டரில் அது கிடையாது, அதனால் அதில் குறை தெரியவில்லை. ஸ்பீக்கருக்குப் பொருந்தாததில் மாட்டினால் கூம்பின்மீது ஆம்ப்ளிஃபயருக்கு இருக்க வேண்டிய பிடி தளர்ந்து, அடி முடிந்த பிறகும் அது ஆடிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் விஷயம். ஒயரை எட்டிலிருந்து நாலுக்கு மாற்றி, பாட்டைப் போட்டேன். டிரம் அடி விழுந்தது, விழுந்த இடத்திலேயே நின்றது.

அத்தான் அதைக் கவனிக்கவே இல்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா இதை என்கிட்ட மறைச்சியா?"

"ரெக்கார்டுல ஒரு கீறல் விழுந்ததுக்கே நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. இதைச் சொல்ல எனக்கு என்ன தைரியம்?"

அவர் பாட்டை நிறுத்திவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு சட்டையை எடுத்து மடித்தார். அது கோணலாக வந்தது. அக்கா வாங்கி உதறித் திரும்ப மடித்தாள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும் என்றேன். யார் காதிலும் விழவில்லை. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.