தறிக்கு முதுகைக் காட்டி

டீச்சருக்கு, மில்லில் தறி ஓட்டிய அப்பா மேல் கொள்ளைப் பெருமை. மில் மூடி, பாதி குடோனாகவும் பாதி புதராகவும் போன பிறகு, அந்தப் பேட்டையின் வரலாற்றை எழுதியே தீருவேன் என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். யாரைக் கேட்டாலும் கதை ஒரே இடத்தில் போய் நின்றது. வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள், சங்கத்தில் முன்னால் நின்றவர்களைக் காட்டிக்கொடுத்தவன் மில் கேட்டுக் காவல்காரன். அவன் செத்தபோது தூக்க ஆள் வரவில்லை என்பதையும் சொல்லிச் சிரித்தார்கள். நல்ல சனங்கள்.

அப்புறம்தான் அந்தப் படம் கிடைத்தது. முதலாளி வீட்டுப் பரணில் கிடந்த, சத்தமே இல்லாத பழைய படச்சுருள். பெட்டியின் மேல் அதே முந்தின நாளின் தேதி. தறிக்கூடத்தில் அப்பா, வேலையை மேற்பார்க்கும் மாஸ்டரிடம் விடாமல் பேசுகிறார். நியாயம்தான் கேட்கிறார், வேறென்ன கேட்பார்? அந்த வார்த்தைகள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்று டீச்சர் துடித்தாள்.

தறிச் சத்தத்தில் காது இருந்தும் பிரயோசனமில்லை. மில்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். டீச்சருக்கு மட்டும் அது வராது. படிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று அப்பா பழக்கவே இல்லை. அதனால் பழைய தறிக்காரர்களைச் சங்கக் கட்டடத்துக்கு வரவழைத்துப் படத்தைப் போட்டாள்.

படம் ஓடியதும் டீச்சர் கேட்டாள்.

“என்ன சொல்றாரு?”

அத்தை முந்திக்கொண்டாள். அப்பாவின் தங்கை, அவளும் தறி ஓட்டியவள். “பெல்ட்டு அறுந்துபோச்சு, மாத்திக் குடுங்கங்கிறாரு.”

“ஆமாமா, பெல்ட்டுதான்” என்றார்கள் எல்லோரும்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு கிழவி எழுந்தாள். காவல்காரனின் மனைவி. யாரும் கூப்பிடாமலே வந்திருந்தாள். அவளும் அதே கூடத்தில் தறி ஓட்டியவள்தான்.

“பெல்ட்டுக்கு நெட்டையன்னு பேரா? நெட்டையன், அவன் தம்பி, மூலைத் தறிக்காரி. இவங்கதான் தூண்டிவிடுறாங்கன்னு சொல்றாரு. நல்லாப் பாருங்க.”

யாரும் மறுக்கவில்லை. தறிக்காரனுக்கு ரகசியம் என்றால், மற்றவர்களுக்கு உதடு தெரியாதபடி தறிகளுக்கு முதுகைக் காட்டிப் பேசுவது. அப்பாவும் அப்படித்தான் நின்றார். எதிரே இருந்த கேமராவை அவர் ஆளாக மதிக்கவில்லை. அதற்குத்தான் காது கிடையாதே.

டீச்சர் அவசரமாகப் படத்தை நிறுத்திவிட்டு வெளியேறினாள். கிழவி வாசலில் அவள் கையைப் பிடித்தாள்.

“உங்கப்பா பேரு எனக்கு வேண்டாம்மா. எங்க வீட்டுக்காரரு காட்டிக்குடுக்கலைன்னு ஒரு வரி எழுது. ஒரே வரி.”

“எழுதுறேம்மா” என்றாள் டீச்சர். அப்போது மனசார்த்தான் சொன்னாள்.

வீட்டில் அத்தை பிடித்துக்கொண்டாள். “அவன் இல்லேன்னா வேற யாருன்னு கேப்பாங்களே, என்னடி சொல்லுவே? செத்தவரை இன்னொரு தடவ சாகடிக்கவா?”

டீச்சர் அந்த வரியை எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். அப்பா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அப்பா.

அதே கட்டடத்தில் புத்தகம் வெளியானது. முதல் பக்கத்தில், அந்தச் சுருளிலிருந்து எடுத்த அப்பாவின் படம். கீழே, ‘பழுதான தறிக்காக மாஸ்டரிடம் வாதாடும் தொழிலாளி’. பெல்ட்டு என்று சாட்சி சொன்னவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். கடைசி வரிசையில் கிழவி, பக்கத்தில் இருந்த பெண்ணை விட்டு வேலைநிறுத்தப் பக்கங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்த வரி வரவில்லை. முடிந்ததும் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் மைக் முன்னால் வந்தபோது கிழவியின் உதடுகள் அசைந்தன. சத்தமில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு யாரும் கவனிக்கவில்லை. உதட்டுப் பேச்சு தெரியாத டீச்சருக்கே அது புரிந்தது. ஒரு வரி. ஒரே வரி. கிழவி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, கிழவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேடையில் இருந்தவர்களுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தாள்.