வயலோர விளக்குக்கு ஒரு விண்ணப்பம்

பூவிழி ஆராய்ச்சி நிதி கேட்கும் அந்த விண்ணப்பத்தை மூன்றாவது முறையாக எழுதிக்கொண்டிருந்தாள். தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியை அவள். சம்பா நெல்லுக்கு ராத்திரி இருட்டு வேண்டும்; வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கு விடிய விடிய எரிந்தால், அதன் அடியில் நிற்கிற பயிர் கதிர் விடப் பிந்தும். பயிரைக் கெடுக்காமல் சாலைக்கும் வெளிச்சம் தருகிற ஒரு விளக்கைச் செய்து பார்க்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். அதை அரசாங்கத்துக்குப் புரியவைப்பதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

கல்லூரிக் கணக்கு அலுவலர் இராஜாங்கம் பட்ஜெட் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"விவசாயிக்கு இழப்பீடுன்னு ஒரு தலைப்பே கிடையாதும்மா. இதர செலவுல சேர்த்துருங்க."

"சோதனைக்காக வேணும்னே லைட்டை எரியவிட்டு ஒருத்தர் பயிரைக் கெடுக்கப் போறோம் சார். அதை எழுதாம எப்படி?"

"எழுதினா கேள்வி வரும். அப்புறம், வெளிச்சம் அளக்குற அந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் தொகையில கை வைக்காதீங்க. கருவி பெருசா இருக்கட்டும்னு பிரின்சிபால் சொல்லிட்டார்."

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா போனில் கூப்பிட்டாள். கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமத்தில்தான் அம்மா இருந்தாள்.

"லைட்டுல மறுபடி சாக்கைக் கட்டிட்டாங்க. மலர்க்கொடி இருட்டுல வாய்க்கால்ல விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா."

சனிக்கிழமை பூவிழி பஸ் ஏறிப் போனாள். மலர்க்கொடி அவளோடு பள்ளியில் படித்தவள். நாகப்பட்டினத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பஸ் விட்டு இறங்கி வயலோரச் சாலையில் நடந்துதான் தெருவுக்கு வர வேண்டும். அந்த விளக்குக்காகத் தெருப் பெண்கள் பல வருஷம் மனு கொடுத்திருந்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "உன் ஆராய்ச்சி வர்றப்ப வரட்டும். முதல்ல அந்தச் சாக்கை அவுக்கச் சொல்லு."

சாக்கைக் கட்டியவர் கம்பத்தடி வயலுக்குச் சொந்தக்காரர் ரெங்கசாமி. அம்மா அவரை அய்யா என்பாள். பூவிழி எந்த முறையும் சொல்லாமல் 'ங்க' போட்டு மட்டும் பேசுவாள். அவர் அவளை வரப்புக்குக் கூட்டிப்போனார். வயல் முழுக்கக் கதிர் வந்து தலை சாய்ந்திருந்தது. கம்பத்தடியில் மட்டும் அரை வட்டமாகக் கதிர் விடாத பச்சைத் தாள் நின்றது.

"மெஷின் வந்தா மொத்தமாத்தான் அறுக்கும். இந்தப் பச்சை கலந்தா நெல்லு ஈரம்னு கொள்முதல் நிலையத்துல திருப்பிடுறாங்க. நான் என்ன பண்ண?"

"அந்தப் பொண்ணு கை ஒடிஞ்சு கிடக்குதுங்க."

அவர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். "விழுவாங்கன்னு நெனைக்கல," என்றார்.

பஞ்சாயத்து ஆளை வரவழைத்து, சாக்கை எடுத்துவிட்டு, வயல் பக்கம் மட்டும் ஒரு தகரத்தை வளைத்து மாட்டினார்கள். யாருக்கும் திருப்தியில்லை. ஆனாலும் ரெங்கசாமியும் மலர்க்கொடியும் சண்டையை நிறுத்தினார்கள்.

தகரம் மாட்டிய கம்பத்தின் படத்தைப் பூவிழி விண்ணப்பத்தில் சேர்த்தாள். பக்கத்து மேசை நுஸைபா எட்டிப் பார்த்தாள். அவள் இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் எழுதிச் சலித்தவள்.

"இதைப் போடாதீங்க பூவிழி. தகரமே போதும்னு முடிச்சிருவாங்க."

"இருக்கறது அதுதானே நுஸைபா. எதையும் மறைச்சு எழுதத் தெம்பில்லை."

இழப்பீட்டையும் அதே பெயரில் தனி வரியாகவே எழுதி அனுப்பினாள்.

மே மாதம் வீடியோவில் நேர்காணல். குழுவில் ஒருவர் அந்தப் படத்தைத்தான் முதலில் கேட்டார். "தகரத்துல தீர்ற பிரச்சினைக்கு ஆராய்ச்சி எதுக்கும்மா?"

பூவிழி உள்ளதைச் சொன்னாள்: "தீரலை சார். வயல் பக்கம் மறைச்சா வாய்க்கால் ஓரம் இருட்டாயிடுது. அந்த ஓரத்துலதான் ஒரு பொண்ணு விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா. நெல்லும் கொஞ்சம் பிந்தத்தான் செய்யும். ரெண்டு பேரும் பொறுத்துக்கிட்டு இருக்காங்க, அவ்வளவுதான்."

தன் குரல் தனக்கே களைப்பாகக் கேட்டது. அவர்கள் நன்றி சொல்லித் துண்டித்தார்கள்.

ஆகஸ்டில் ஒப்புதல் வந்தது. ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, வேறு கல்லூரியில் இரவல் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஆராய்ச்சி உதவியாளர் பணியிடத்தையும் அடித்திருந்தார்கள். இழப்பீட்டுத் தொகை மட்டும் அப்படியே இருந்தது. பிரின்சிபால் வாழ்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதவியாளர் இல்லையென்றால், வாரம் தவறாமல் கீழ்வேளூருக்குப் போய்க் கதிரை எண்ண வேண்டியவள் அவள்தான். மேசையில் தலை கவிழ்ந்து கொஞ்ச நேரம் கிடந்தாள். சந்தோஷம் வரும் என்று பார்த்தாள்; தூக்கம்தான் வந்தது.

பிறகு ரெங்கசாமியைக் கூப்பிட்டாள்.

"நாத்து விட்டாச்சு. புது லைட்டு இந்தச் சம்பாவுக்குள்ள வந்துருமா?"

"வராதுங்க. டெண்டர் விடணும். அடுத்த சம்பாவுக்குத்தான்."

"சரி. அதுவரைக்கும் சாக்கைக் கட்ட மாட்டேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

மலர்க்கொடியிடமும் சொன்னாள். அந்தப் பக்கம் கடை இரைச்சல் கேட்டது.

"இன்னும் ஒரு வருஷமா?"

"ஆமா."

"கெடைச்சிருச்சுல்ல, அது போதும். நீ சாப்பிட்டியா?"

பூவிழிக்கு அப்போதுதான் பசித்தது. டிபன் பாக்ஸைத் திறந்தாள். காலையில் போட்ட தயிர்சாதம் லேசாகப் புளித்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே டெண்டர் விதிமுறைகளின் முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.