கட்டில் இல்லாத எட்டுப் பேர்

யூ வென்லிங் யாரையும் லேசில் நம்பமாட்டாள். நம்பிப் பட்ட பாடு போதாதா? போன வருஷம் சூஜோவில் ஒரு கம்பெனியைப் பார்த்துவிட்டு, பணம் போடலாம் என்று எழுதிக் கொடுத்தாள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு மட்டும் கூலிக்கு வந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. "இன்னொரு தடவை ஏமாந்தா நீயே பெட்டியைக் கட்டிக்கோ" என்று சொல்லித்தான் அவளுடைய முதலீட்டு நிறுவன முதலாளி இந்தத் தடவை ஹாங்சோவுக்கு அனுப்பினார்.

அங்கே பாங் ஜிஹாவ், கிடங்குகளில் பெட்டி தூக்கும் எந்திரக் கை செய்கிறவன். ஐந்தே வருஷத்தில் நூற்றிருபது ஆட்கள். வாயெல்லாம் பல்.

"ஒரு கம்பெனி பெரிசா வரணும்னா என்ன வேணும் மேடம்? சரக்கு வேணும், சந்தை வேணும், உங்க பணம் வேணும். முதல் ரெண்டும் ரெடி!"

இவ்வளவு சிரிக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் வென்லிங்குக்குப் பட்டது. காலை முழுக்கத் துருவினாள். எந்திரக் கை சொன்னபடி தூக்கியது. விசாரித்த வாடிக்கையாளர்களும் நல்லதாகவே சொன்னார்கள். ஒரு குறையும் அகப்படாததுதான் அவள் சந்தேகத்தைக் கூட்டியது.

சாப்பாடு முடிந்து ஒரு மணிக்கு, சீன ஆபீஸ்களின் வழக்கம்போல, மதியத் தூக்கத்துக்காக விளக்கை அணைத்தார்கள். மேசைக்கடியிலிருந்து அவரவர் சொந்த மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு, கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு எல்லாரும் சாய்ந்தார்கள். ஜன்னலோரம் எட்டுப் பேர் மட்டும் நாற்காலியிலேயே மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார்கள். வென்லிங் குனிந்து பார்த்தாள். மேசைக்கடியில் கட்டிலும் இல்லை, ஆபீசுக்குள் மாட்டிக்கொள்ளும் செருப்பும் இல்லை, ஒரு தலையணைகூட இல்லை. தினமும் வருகிறவன் இப்படியா இருப்பான்? மாட்டினியா மகனே என்று மனசு துள்ளியது.

பாங்கின் காதோரம் கேட்டாள். "இந்த எட்டுப் பேருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "பார்த்துப் பேசுங்க மேடம்! முதல் நாள்லேர்ந்து என்கூட இருக்கிறவங்க இவங்க. அந்தக் கைக்கு மூளையா இருக்கிற புரோகிராமை எழுதினதே இவங்கதான். அதோ, குவோ, என் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன்."

"அப்ப இவங்க கட்டில் எங்கே?"

"இங்கேதான் இருக்கும்" என்று குனிந்தான். அடுத்த மேசைக்குப் போனான். எட்டையும் பார்த்தான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வேலையை விடுகிறவன் சத்தம் போடாமல் முதலில் வீட்டுக்குக் கொண்டுபோவது கட்டிலைத்தான் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

குவோ தலையைத் தூக்கினான். அவன் தூங்கவே இல்லை. "அண்ணே, மேடம் கையெழுத்துப் போட்டதும் சொல்லலாம்னு இருந்தோம். உங்களுக்குப் பணமாவது வந்துசேரட்டும்னுதான்."

"எட்டுப் பேருமாடா?"

"எட்டுப் பேரும்தான். எதிராளி கம்பெனிக்கு. பங்கு தர்றேன், பங்கு தர்றேன்னு மூணு வருஷமா சொன்னீங்க. அவங்க முதல் நாளே எழுதிக் குடுத்துட்டாங்க."

தப்பித்தோம் என்று வென்லிங் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. பாவி மனுஷன், காலையிலிருந்து அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே!

"கையெழுத்துப் போட்டுடாதீங்க மேடம்" என்றான் பாங். குவோவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "இன்னைக்கே எழுதித் தர்றேன்டா. எவ்வளவு தர்றேன்னு சொன்னேன்? நீயே சொல்லு."

குவோ அவனையே பார்த்தான்.

"அதுகூட ஞாபகம் இல்லையா, அண்ணே?"