வானத்துக் கருப்பராயன்

டைனோசர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு. வானத்திலிருந்து ஒரே கல், ஒரே அடி, சோலி முடிந்தது. கொங்கு நாட்டு மாப்பிள்ளைகளுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. பெண் கிடைக்காமல், முன்நெற்றி ஏறி, தொப்பை இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருக்கிறோம்.

என் பெயர் மதன்குமார். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றும் பட்டறை வைத்திருக்கிறேன். நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது. எத்தனை பெண் பார்த்தீர்கள் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள், கெட்ட கோபம் வரும். பெண் வீட்டாருக்குத் தோட்டம் வேண்டும், ஆனால் மாப்பிள்ளை தோட்டத்தில் இறங்கக் கூடாது. தொழில் வேண்டும், ஆனால் கையில் கரி ஒட்டக் கூடாது. இப்படி ஒரு பிறவியை எந்தத் தாய் பெற்று வைத்திருக்கிறாள்?

கடைசியாக ஆர்.எஸ்.புரத்தில் நந்திதாவின் ஜாதகம் பொருந்தியது. கல்லூரியில் நிலவியல் சொல்லித்தரும் பெண். பார்க்கப் போன இடத்தில், என்ன கண்ணு ஆராய்ச்சி பண்ணறே என்று என் அம்மா நஞ்சம்மாள் பிரியமாகத்தான் கேட்டாள். அந்தப் பெண்ணும் பிரியமாகவே, உலகத்தில் உயிரெல்லாம் மொத்தமாகச் செத்துப்போன கதையை எடுத்துவிட்டது. டைனோசர் காலத்தில் விழுந்த கல் ஒரு மலை பெரிசாம். அது கிளப்பின தூசியும் புகையும் வெயிலை மறைத்து, செடிகொடி வாடி, தின்றதும் தின்னப்பட்டதும் சேர்ந்து போயினவாம். அதற்கும் வெகுகாலம் முன்னால் கடல் ஜீவன்கள் கூண்டோடு செத்ததற்கு, எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்ததுகூடக் காரணமாக இருக்கலாமாம். "இருக்கலாமுங்க, இன்னும் உறுதியில்லீங்க," என்று அது சொன்ன விதத்திலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தனை சாவுக்கு நடுவில் நான் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல காரியம் பேசும் இடத்தில் இதென்ன எழவுப் பேச்சு என்று அம்மா முகம் சுருங்கியது. என் அப்பா பாலுசாமிக்கோ தலைகால் புரியவில்லை. எங்கள் தோட்டத்து மூலையில் வேப்பமரத்தடியில் கருப்பராயனாகக் கும்பிடும் கல், ஒரு இடிமழை நாளில் வானத்திலிருந்து விழுந்தது என்பது எங்கள் குடும்பத்து நம்பிக்கை. கல்லைப் படித்த பெண்ணைக் கருப்பராயனே தேடிக் கூட்டி வந்துவிட்டார் என்று அங்கேயே அறிவித்துவிட்டார். வந்து பார்த்து அம்மணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே நிச்சயம் பேசிவிடலாமாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை நந்திதா அப்பா அம்மாவோடு தோட்டத்துக்கு வந்தாள். என் அப்பா எங்கள் சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டி வைத்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கல்லில் வைத்தாள். டக்கென்று ஒட்டியது. அப்பா பங்காளிகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பத்து ஏக்கர் வாங்கின மிதப்பு இருந்தது.

பிறகு அவள் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். நானும் குனிந்தேன். கல் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி ஓட்டை. நடுவே கண்ணாடிப் பளபளப்பு. எனக்குச் சுரீரென்று உறைத்தது. தினமும் உலையில் இரும்பு உருகும்போது மேலே ஆடைகட்டி நிற்பதை வழித்து வெளியே கொட்டுகிறோமே, அந்தக் கசடு! அந்தக் காலத்தில் வண்டித்தடத்துக் குழிகளை நிரப்ப வார்ப்படப் பட்டறைகளில் இருந்து இதைத்தான் அள்ளிவந்து கொட்டுவார்கள். அதில் ஒரு கட்டி மழையில் உருண்டு எங்களுக்குக் குலம் காக்க வந்திருக்கிறது.

நந்திதா என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?" என்றாள் மெதுவாக.

அப்பாவை எதிர்த்து நான் வாய் திறந்ததே இல்லை. பேசினால் அவர் குதிப்பார், சம்பந்தம் போகும். பேசாவிட்டால் இந்தப் பெண் பொய் சொல்ல வேண்டும், அல்லது சாமியைக் கசடு என்று சொன்ன பழி அவள் தலையில் விழும். எப்படியும் எனக்குச் சங்குதான். சரி, போகிற சம்பந்தம் என் வாயாலேயே போகட்டும்.

"அப்பா, இது வானத்துக் கல்லு இல்லீங்க. நம்ம பட்டறைல கொட்டற கசடுங்க."

நந்திதா உடனே என் பக்கம் நின்றாள். காந்தம் ஒட்டியது கசடில் தங்கின இரும்புக்குத்தான், வானத்துக் கல்லுக்குத் தோல்தான் கருகும், இப்படி உடம்பெல்லாம் குமிழி வராது என்று அப்பாவுக்குப் பதமாக எடுத்துச் சொன்னாள். பங்காளி ஒருவர் இருமுகிற சாக்கில் சிரித்தார். அப்பா வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு உடைந்துபோயிற்று.

பிறகு அவரே வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பூக் கேட்டுவிடலாம் என்றார். இந்தச் சம்பந்தம் வேண்டுமா வேண்டாமா என்று கருப்பராயனே சொல்லட்டும், அப்போது தெரியும் அவர் கசடா சாமியா என்று. எங்கள் பக்கம் கிணறு வெட்டுவதற்கும் கல்யாணத்துக்கும் இதுதான் முறை. என் அம்மா வெள்ளைப் பூ ஒரு பொட்டலமும் செவ்வரளி ஒரு பொட்டலமும் ஒரே மாதிரி மடித்துக் குலுக்கிக் கல்லின் முன்னால் போட்டாள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கும்பிட்டுவிட்டுக் கலைந்து போகவேண்டியது. நந்திதாவையே எடுக்கச் சொன்னார்கள்.

எடுத்துப் பிரித்தாள். செவ்வரளி.

நந்திதாவின் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதற்கு முன் எத்தனையோ சம்பந்தம் தட்டியிருக்கிறது, ஒன்றுக்கும் இப்படி வலித்ததில்லை.

அப்பா பூவைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அப்புறம் என் முன்நெற்றியை வெகுநேரம் பார்த்தார்.

"அம்மணி படிச்ச புள்ள. அதுவே கசடுன்னு சொல்லிப்போட்டுது. கசடு சொல்றதக் கேட்டுட்டு யாராச்சும் கல்யாணத்த நிறுத்துவாங்களா? வாங்க, ஊட்டுக்குப் போய்த் தேதி பேசலாம்."

நந்திதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே, மாமா சொல்வது சரிதான் என்று சொல்லி, தன் அம்மாவின் தோளிலிருந்து கைப்பையை வாங்கிக்கொண்டாள். எல்லோரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். அப்பாவைக் காணவில்லையே என்று நான் திரும்பிப் பார்த்தேன். கல்லின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி," என்று கெஞ்சினார். "இவனுக்கு இத உட்டா வேற பொண்ணு கெடைக்காதுங்க."