ஆறு கிலோ அழுத்தம்

பெருந்துறை பம்ப் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் எல்லோரும் கயல்விழியைத் தின்றுவிடுவதுபோல் பார்த்தார்கள். முந்தாநாள் அங்கே குழாய் வெடித்து ஆபரேட்டர் சாமுவேலின் வலது கண்ணில் அடித்திருந்தது. அழுத்தம் ஆறு கிலோ என்றுதான் அவர் திரையில் அடித்தார். மெஷின் பத்துக்கு ஏறிவிட்டது.

"புரோகிராம் இந்தப் பொண்ணு எழுதுனதுங்க. வேலைய உட்டே அனுப்பிப்போட்டேன். இப்ப நானே சரி பண்ணிட்டேனுங்க," என்றான் தேஜா, அவளுடைய பீளமேட்டு சாஃப்ட்வேர் ஆபீஸின் முதலாளி. வேலை போன செய்தி அவளுக்கே அப்போதுதான் தெரியும். "தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ, அம்மணி."

அந்தக் கையெழுத்து விழுந்தால் கோயமுத்தூரில் எந்தக் கம்பெனியும் அவளை வாசலுக்குள் விடாது. திரையில் இருப்பது இரண்டே பட்டன். ஒன்றை அமுக்கினால் அதன் கால்பேக், அதாவது அதற்கென்று எழுதிய ஃபங்ஷன், அழுத்த அளவை வாங்கிக்கொள்ளும். மற்றதன் கால்பேக் மோட்டாரைக் கிளப்பும். அந்த எண்ணை இரண்டுக்கும் பொதுவான ஓரிடத்தில்தான் அவள் வைத்திருந்தாள். பொதுவில் கிடந்தால் கண்டவனும் மாற்றுவான் என்று தேஜா அதைப் பிய்த்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வேரியபிள், அதாவது எண்ணைப் போட்டுவைக்கும் தனித்தனி டப்பா, வைத்தான். முதல் ஃபங்ஷன் வாங்கிய ஆறு அதோடு முடிந்துபோனது. இரண்டாவது, தேஜா முதலிலேயே அதில் போட்டுவைத்த பத்தையே பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள். அந்தத் துரை கேட்டால்தானே! சோதிக்கும்போதெல்லாம் பத்தை மட்டுமே அடித்துப் பார்த்து, அருமை என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

பம்ப் கம்பெனி முதலாளி கோவிந்தராஜுலு பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"சரி பண்ணிட்டாருன்னா ஆறு போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. சாமுவேலண்ணன் நின்ன எடத்துல நின்னுட்டு."

தேஜா இளக்காரமாகச் சிரித்தான். குழாயை ஒட்டியிருந்த திரையில் ஆறு என்று அடித்தான். முதல் பட்டனை அமுக்கினான். இரண்டாவதுக்குப் போன விரல் அப்படியே நின்றது.

"அமுக்குங்க தம்பி," என்றார் கோவிந்தராஜுலு.

"இந்தக் குழா தாங்காதுங்க. உள்ள நான் வெச்ச பத்து இன்னும்…" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஒரு கண்ணில் கட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்த சாமுவேல் எழுந்து வந்து மெயின் சுவிட்சை அணைத்தார். கோவிந்தராஜுலு பேனாவைத் தேஜா பக்கம் திருப்பினார்.

"அப்ப நீங்களே எழுதுங்க."