லிஃப்ட் ஏறாத துணை

நாலு மாடி ஓடி ஏறியதில் பொன்மணிக்கு முட்டி இரண்டும் கழன்று விழுவதுபோல் நொந்தன. மூச்சு வாங்குவதற்குள் லிஃப்ட் கதவு திறந்தது. கண்ணாடியில் சாய்ந்தபடி சரிந்துகொண்டிருந்த ராஜநாயகம் சாரைத் தாவிப் பிடித்தாள். நேற்று லிஃப்ட் அவளை முந்திவிட்டது. அதன் வீக்கம் இன்னும் சாரின் நெற்றியில் இருந்தது.

வீட்டு வாசலில் நின்ற நர்ஸ் மஹ்விஷ் அதைப் பார்த்து ஓடி வந்தாள். பக்கவாதம் வந்தவருக்கு வீட்டில் யார் துணை என்று பார்த்துவர ஆஸ்பத்திரி அவளை அனுப்பியிருந்தது.

"என்னக்கா இது? அவரத் தனியா அனுப்பிட்டு நீங்க படியில ஓடி வர்றீங்க?"

"இன்னா பண்றது சிஸ்டர்? வேலக்காரங்க லிஃப்டுல ஏறக் கூடாதுன்னு போர்டு மாட்டிகீறாங்க. அவரு ஏறலாம், நிக்க முடியாது. நான் நிப்பேன், ஏற முடியாது."

சாரின் மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. கனடாவில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் போனில் முகம் காட்டுவான். "உங்களுக்கு யார் சார் துணை?" என்று மஹ்விஷ் கேட்டதும், அவருடைய இடது கை மெல்ல எழுந்து பொன்மணியைக் காட்டியது.

மஹ்விஷ் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரகுபதியை வரவழைத்தாள். அவர் இரக்கமுள்ள மனிதர். அதை அவரே சொல்வார்.

"ரூல்னா ரூல்தான் சிஸ்டர். ஆனா வீல்சேர், வாக்கர் எல்லாம் லிஃப்டுல போலாம். பேஷண்டுக்கு வேண்டிய சாமான்." தாடையைச் சொறிந்தார். "அந்தக் கணக்குல இவளையும் சேத்துக்கலாம். சாரப் பிடிச்சிருக்கிற வரைக்கும் லிஃப்ட். கைய விட்டா படி."

"அப்போ நான் சாமானா நைனா? சாமானுக்கு முட்டி நோவுமா?"

"கோவப்படாத. ஒனக்காகத்தான் சொல்றேன்."

சாயங்காலம் வேலை முடிந்து, பெரும்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்கப் பொன்மணி படிப் பக்கம் திரும்பினாள். சார் அவள் தோளைப் பற்றினார்.

"வா... நான்... எறக்கி விடறேன்."

இறங்கினார்கள். கீழே அவள் கையை எடுத்ததும் சார் ஆடினார். இவரை யார் மேலே சேர்ப்பது? அவளே கொண்டுபோனாள். மேலே போனதும் மறுபடி தோளைப் பற்றினார். மறுபடி கீழே.

மூன்றாம் தடவை கீழே கதவு திறந்தபோது காய்கறிப் பையோடு ரகுபதி நின்றார். பின்னால் ஒரு கூட்டம்.

"என்ன விளையாட்டு இது?"

"கைய விடல நைனா. ரூல் தப்பல. நீங்கோ வேணா இவர மேல உட்டுடுங்க, நான் வூட்டுக்குப் போய்க்கினே இருக்கேன்."

ரகுபதிக்கு இடுப்பு டிஸ்க் தேய்ந்திருந்தது. பக்கத்து வீட்டம்மாவுக்குத் தோள்பட்டை வலி. ஒருவருக்கு ஆபீஸ் போன் வந்துவிட்டது. பிடிக்க ஒரு கையும் நீளவில்லை. கூட ஏறினால் சாரைப் பிடிக்கச் சொல்வாளோ என்று தயங்கி, காத்திருந்து அலுத்தவர்கள், "கால் போச்சு" என்று முனகிக்கொண்டே படியேறினார்கள்.

கதவு மூடியது. சாரின் கோணிய வாயில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. நாலாவது மாடி வந்தது.

சார் மறுபடி அவள் தோளைப் பற்றினார்: பொன்மணியை இறக்கி விட வேண்டிய கடன் இன்னும் பாக்கி இருந்தது.